தரைப்பாலத்து முள்

டீ வேண்டாம் சார், காலையில் ஒன்று குடித்தாயிற்று. வரிசையாகவே சொல்கிறேன். ஒன்பது வருஷம் பாடம் நடத்தியவன், எனக்குக் குழப்பமாகப் பேச வராது.

நான் வேதகிரி. கல்லூரியில் வரலாற்றுத் துறைக் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். பதினோரு மாதம் சம்பளம், மே மாதம் வெறும் கை. ஆனாலும் அனுபவச் சான்றிதழ் வருஷா வருஷம் சேர்ந்தால் ஒருநாள் நிரந்தர வேலைக்கு அது மதிப்பெண்ணாகும். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஏஞ்சல் என் மாணவி. எங்கள் ஊர்தான். அவள் அப்பா தானியேல் எங்கள் கழனியில் நாற்று நட்டவர். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு என்னிடம்தான் வந்து கேட்டாள்.

"கெஸ்ட் லெக்சரரா சேர்லாமா சார்? சென்னையில ஒரு கம்பெனியிலயும் கூப்புட்றாங்க."

"பேஜார் புடிச்ச வேலம்மா. என்னையே பாரு, ஒன்பது வருஷமா இங்கியே கீறேன். நீ சென்னைக்குப் போயிடு" என்றேன்.

நல்ல புத்திதான் சொன்னேன். அவள் பத்து நாள் யோசித்தாள். "மூணு வருஷம் தாங்கினா போதும் சார், பர்மனென்ட் ஆயிடலாம்" என்று விண்ணப்பம் போட்டுவிட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன் நானும் இதே கணக்குதான் போட்டேன்.

இந்த வருஷம் பாடவேளையைக் குறைத்துவிட்டார்கள். இடம் ஒன்றுதான், பழையவனுக்கும் மறுபடி நேர்காணல். அழைப்பு வந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான். எனக்கு டாக்டர் பட்டம் கிடையாது. வயிறு எரிந்தது சார், மறைக்கவில்லை.

நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பு மழை பிடித்துக்கொண்டது. கல்லூரி செய்யாற்றுக்கு அக்கரையில். ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் தரைப்பாலத்தின் வாயில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டுவிடுவார்கள். வடிந்ததும் அவர்களே எடுப்பார்கள். முள் கிடந்தால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். முள் இல்லையென்றால், தண்ணீர் ஓடினாலும் கணுக்கால் அளவுதான் என்று நம்பி இறங்கலாம்.

நேர்காணல் அன்று காலை ஏழு மணிக்கு முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டேன். கையில் கீறியிருக்கிறது, பாருங்கள். பிறகு ஏஞ்சலுக்குப் போன் செய்து, "முள்ள எடுத்தாச்சிம்மா, வந்துடு" என்றேன். தண்ணீர் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. பொய் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஸ்கூட்டியில் வந்தாள். சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு மாட்டியிருந்தாள்.

"நீங்க வரலியா சார்?"

"மச்சான் வண்டி வருது. நீ போம்மா."

அவள் போன பிறகு முள்ளைப் பழையபடி இழுத்துப் போட்டேன். வேறு யாராவது தெரியாமல் இறங்கிவிடக் கூடாதே. பிறகு மச்சான் வண்டியில் சுற்றுவழியாகப் போய் நேர்காணலில் உட்கார்ந்தேன். நன்றாகவே பதில் சொன்னேன். வேலை எனக்குத்தான் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்துத் திருமுக்கூடல் பக்கம் உடல் ஒதுங்கியது. அவசரத்தில் பெண் முள்ளைத் தாண்டிப் போய்விட்டது என்று ஊரே பேசியது. தானியேல் மட்டும் என் வாசலில் வந்து நின்றார்.

"எம் பொண்ணு முள்ளு கெடந்தா தாண்டாது சார். இன்னாவோ நடந்துகீது. நீங்க படிச்சவரு, கொஞ்சம் கேட்டு சொல்லுங்க."

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் மேல் பழி விழுவது நியாயமில்லை, கவனமான பெண். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை சார். வண்டி நடுவில் நின்றுவிடும், சான்றிதழ் நனையும், திரும்பி வந்துவிடுவாள், அவ்வளவுதான் நினைத்தேன். அவளும் திரும்பத்தான் பார்த்தாள். பாதிப் பாலத்தில் காலை ஊன்றிக்கொண்டு, "இஸ்துகினு போவுது சார், திரும்பிடட்டா?" என்று கத்தினாள்.

எப்போதும் என்னைக் கேட்டுத்தான் செய்வாள். "ஒண்ணும் ஆவாது, போம்மா" என்றேன்.