எறும்பு இறங்காத மண்

— சிரிக்காதையும், பவதாரணி. பத்தொன்பது எறும்பும் ஒரு இராணியும். உண்மையாச் சொல்லுறன், அனலைதீவில இருந்து வள்ளத்தில மடியில வைச்சு, ஒரு சொட்டுக் கடல்தண்ணி தெறிக்காமல் கொண்டு வந்தனான்.

— நான் எங்க சிரிச்சனான், அனோஜன்? அடுத்த மாதம் தாலி கட்டப் போற மனுசன் கந்தோருக்கு வாறார் எண்டோன்ன, என்னோட வேலை செய்யிற சறோஜினிதேவி அக்கா பூக் கொண்டு வருவார், சொக்கிளேற் கொண்டு வருவார் எண்டு கதவடியில காவல் நிண்டவ. நீங்கள் என்னெண்டால் மீன்தொட்டிக்க எறும்பைப் போட்டுக்கொண்டு வந்து நிக்கிறியள்.

— நீர் விவசாயப் போதனாசிரியர். வேலணை முழுக்க மண் பாத்துச் சொல்லுறனீர். என்ரை எறும்புக்கும் ஒரு மண் சொல்லுமன்.

— எங்க பாப்பம். தொட்டி நிறைய மண் கிடக்கு. இதுகள் ஏன் உந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்குதுகள்?

— அதுதான் கவலை. ஐப்பசி மழைக்குச் செட்டையோட விழுந்த இராணியைப் பிடிச்சு, குழாய்க்குள்ள மழைத்தண்ணியும் பஞ்சும் வைச்சு வளத்தனான். பிள்ளை குட்டியளும் பெருகிட்டுது. இனிக் குழாய் காணாது. மண்ணைப் போட்டுக் குடுத்தால் ஒண்டும் இறங்குதில்லை. முதல்ல மண்கும்பான் கடற்கரை மணல் போட்டுப் பாத்தனான்.

— விசர்க் கதை. கடற்கரை மணலில வளை தோண்டினால் நிக்குமே? தோண்டத் தோண்டச் சரியும். உப்பும் வேற.

— சரிஞ்சதுதான். அதுக்குப் பிறகு குளத்துக் களி.

— காய்ஞ்சு பாளம் பாளமா வெடிச்சிருக்கும்.

— பக்கத்தில நிண்டு பாத்தமாதிரிச் சொல்லுறீர். மூண்டாவதுதான் இது. கோண்டாவில் செம்மண். கொஞ்சம் மணல் கலந்து, அரிச்சு, புழு பூச்சி சாக வறுத்தும் போட்டனான்.

— எதில வறுத்தனீங்கள்?

— அம்மா மா வறுக்கிற சட்டியில. மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

— பாவம் மாமி. கேளுங்கோ, இது திறமான மண். பிடிச்சால் உருண்டையா நிக்குது, தட்டினால் உதிருது. எறும்புக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா மேல என்ன வெள்ளையாப் பூத்துக் கிடக்கு? பொறுங்கோ.

— பவதாரணி, மண்ணையே நக்கிறீர்?

— உப்பு. நான் நினைச்சது சரி. மண்ணில பிழை இல்லை, ஈரத்துக்கு விட்ட தண்ணியிலதான் பிழை. கிணத்துத் தண்ணி விட்டனீங்களோ?

— ஓம். எங்கட கிணறு உவர்தான், அதை நாங்கள் ஆருக்கும் மறைக்கேல்லை. அதுக்கென்ன, இனி நான் இருக்கப்போறது உம்மட சீதன வீட்டிலதானே. வேலணையிலேயே அப்பிடியொரு நல்ல தண்ணிக் கிணறு இல்லையெண்டு புரோக்கர் ஐயாத்துரை அண்ணை சொன்னவர்.

— அந்த மனுசன் கனக்கச் சொல்லும்.

— அப்ப வாரும், உங்கட வீட்டுக் கிணத்தில ஒரு கான் அள்ளிக்கொண்டு போறன்.

— எங்கட வீட்டுக்கோ? இப்பவோ? மழைத்தண்ணியே விடுங்கோவன்.

— மழைத்தண்ணி முடிஞ்சுது. ஏன் முகம் வாடுது?

— இருங்கோ அனோஜன், சொல்லிப்போடுறன். கேட்டிட்டு இந்தக் கலியாணமே வேண்டாமெண்டு நீங்கள் எழும்பிப் போகலாம். எங்கட கிணறும் உவர். பொம்பிளை பாக்க வந்த அண்டு நீங்கள் குடிச்ச தேத்தண்ணி, பவுசர் லொறியில காசுக்கு வாங்கின நல்ல தண்ணியில ஊத்தினது. முந்தி வந்த ரெண்டு சம்பந்தம் இந்தக் கிணத்தாலதான் குழம்பினது. அதால உங்களிட்டைச் சொல்லக் கூடாதெண்டு அம்மா என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டா. எனக்கும் உங்களைப் பிடிச்சுப் போச்சு, வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். அண்டு துவக்கம் ஒழுங்கான நித்திரை இல்லை.

— முந்தின ரெண்டு மண்ணுக்கும்தான் எங்கட கிணத்துத் தண்ணி விட்டனான். இதுக்கு இல்லை.

— பின்னை எந்தத் தண்ணி?

— பொம்பிளை பாக்க வந்த அண்டு, கால் கழுவப் போன இடத்தில உங்கட கிணத்தில ரெண்டு போத்தில் அள்ளினனான். பத்தாம் நாள் உப்புப் பூத்தது. பதினோராம் நாள் விடியத்தான் ஐயாத்துரை அண்ணைக்குப் போன் எடுத்து, எனக்கு ஓம் எண்டு சொன்னனான்.