ஏழு வருஷ வாழை அனுபவம்

“கைதிகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகுது?” என்று எனக்கு வந்த வேலையைப் பற்றி மாமா கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், வேளாண்மைப் பட்டம்.

மறுநாள் மத்தியானம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தொட்டியம் பஸ்ஸுக்காக ஒரு கணவனும் மனைவியும் என் அருகில் காத்திருந்தார்கள்.

“வேலை கேக்கப் போற எடத்துல, தோப்புக்காரர்கிட்ட ஜெயில்னு சொல்லிடாதீங்க,” என்றாள் மனைவி.

“பின்ன வாழை எங்க போட்டேன்னு சொல்றது? ஏழு வருஷம். ஒரு நாள்கூட லீவு போடல.”

“அப்ப ஏன் விட்டீங்கன்னு கேப்பாரே?”

“நல்லா நடந்துக்கிட்டேன்னு முன்கூட்டியே அனுப்பிட்டாங்க. குலை வெட்டுற வரைக்கும் ரெண்டு மாசம் இருந்துக்கறேன்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க.”

மனைவி அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“இதை மொதல்ல சொல்லுங்க.”

பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள். சிறைத் தோட்டப் பயிற்சியாளர் வேலைக்கான சம்மதக் கடிதத்தை அன்று காலையிலேயே நான் கொடுத்துவிட்டேன்.