பொந்துக்குள்ள ஒரு கை

அய்யய்யோ, இழுக்காதீங்கம்மா! தோள்பட்டை கழண்டு வந்துரும் போல இருக்கு. விடுங்க, விடுங்க. நாயக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க, கால நக்குது.

பாம்பெல்லாம் இல்ல. கடிச்சிருந்தா இப்படிப் பேசிக்கிட்டா இருப்பேன்? எட்டரைலேருந்து இந்த மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கால்ல அட்டை வேற ஏறியிருக்கு. மணி என்ன இப்ப? ஒம்போதரையா? ஐயோ.

மோதிரம் விழுந்துருச்சுன்னு சொன்னேன்ல, அது சும்மா. கோச்சுக்காதீங்க. எங்க ஆட்டத்துல வெளியாளு வந்தா அப்படித்தான், ஷூ கயிறு கட்டுற மாதிரி, பறவை பாக்குற மாதிரி நடிக்கணும். ஜியோகேஷிங்னு கேள்விப்பட்டதில்லையா? ஒருத்தர் காட்டுல டப்பா ஒண்ண ஒளிச்சு வெச்சுட்டு, எடத்தோட நம்பர இன்டர்நெட்டுல போட்டுருவாங்க. நாம ஃபோனும் கையுமா தேடணும். டப்பாக்குள்ள குட்டி நோட்டு இருக்கும். பேர எழுதிட்டு, இருந்த மாதிரியே வெச்சுட்டு வந்துரணும். அவ்ளோதான். சிரிங்க, சிரிங்க. எங்க வீட்டுலயும் இப்படித்தான் சிரிப்பாங்க. இந்த நெவிலுக்கு அறுபத்திமூணு வயசாச்சு, இன்னும் ஒளிஞ்சு புடிச்சு வெளையாடுறான்னு.

ஆனா மொதல் ஆளா கண்டுபிடிச்சா தனி கெத்து. பேருக்குப் பக்கத்துல மணியும் எழுதுவோம். லான்செஸ்டன் சுத்துவட்டாரத்துல எந்த டப்பாவத் தொறந்தாலும் மொத வரியில ஒண்ணு என் பேரு இருக்கும், இல்லன்னா டெஸ் பேரு இருக்கும். பதினோரு வருசப் போட்டி. பயங்கரத் திருடன் அவன். போன வருசம் பாதி வழியில கால் பிசகிருச்சுன்னு உக்காந்துட்டான். பாவமேன்னு கார்லேருந்து பேண்டேஜ் எடுத்துட்டு வர்றேன், ஆள் ஓடிப் போய் கையெழுத்தே போட்டுட்டான்!

ஃபோன் பண்ண வேணாம்மா. பார்க் ஆளுங்க ரம்பத்தோட வருவாங்க, கூட்டம் கூடிரும். உங்களக் கெஞ்சிக் கேக்குறேன், பண்ணாதீங்க.

டெஸ்ஸா? செத்துட்டான். ரெண்டு மாசமாச்சு. நீங்க ஏரிக்கரையில ஒரு பெஞ்சத் தாண்டி வந்தீங்கல்ல, அங்கதான். நெஞ்சு வலி. இந்தப் பொந்துல இருக்குற டப்பா இன்டர்நெட்டுல வந்த மறுநாள் காலையில. நான்தான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டேன். ஒம்போது மணிக்கு வந்தேன், அப்பவே உயிர் இல்லன்னு அவன் பொண்டாட்டி லொரேன்கிட்ட சொன்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டு, நீயாவது அங்க போனியே நெவில்னு அழுதா.

அன்னைக்கே இந்த டப்பாவ இன்டர்நெட்டுல முடக்கி வெச்சுட்டாங்க, யாரும் தேடக் கூடாதுன்னு. இன்னைக்குப் பத்து மணிக்குத் திரும்பத் தொறக்குறாங்க. மொதல் பக்கத்துல டெஸ் பேர லொரேன் எழுதப் போறா. எங்க குழு மொத்தமும் கூட வருது.

கைய விரிச்சா வந்துருமா? வரும்மா, தெரியும். விரிச்சா டப்பா உள்ள போயிரும், அவங்க கொக்கி போட்டு எடுத்துருவாங்க. மூடுன கையோட வெளிய வர முடியல. இவ்ளோ ஆழத்துல தள்ளிவிட்டதும் நான்தான். பின்னாடி வர்ற டெஸ் ஒரு மணி நேரம் தேடித் திண்டாடட்டும்னு, குச்சிய வெச்சுக் குத்திக் குத்தித் தள்ளுனேன். ரெண்டு மாசமா இங்க வரவே தைரியம் இல்ல. வந்த அன்னைக்குப் பாருங்க...

அந்தப் பக்கத்தக் கிழிக்கணும். அவ்ளோதாம்மா எனக்கு வேணும்.

நாய் ஏன் கொரைக்குது? வந்துட்டாங்களா? ஆமா, லொரேன் குரல்தான்.

மொத வரி என்னுது. ஏழு நாப்பதுன்னு எழுதியிருக்கேன். பெஞ்சுல டெஸ்ஸப் பாத்தது ஏழு இருவதுக்கு. ஒரு கையால நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய என்னப் பாத்து ஆட்டுனான். நானும் சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டிட்டு வந்துட்டேன்.