வராமல் போன பக்கம்

இருந்தவர்கள் மூன்று பேர்: போர்ட் பிளேயர் அபர்டீன் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் நாகராஜ், தெற்கே வேறொரு தீவிலுள்ள ஹட் பேயிலிருந்து கப்பலில் வந்திருந்த என் தங்கை விஜயகுமாரி, இதே ஊர் பத்துபஸ்தியில் இருக்கும் சிவஞானமாகிய நான். நான்காவது ஆள் கிடையாது. பேசியதைப் பேசியபடியே கீழே தருகிறேன்.

– இது எட்டு இஞ்ச் டேப்லெட்மா. கைக்கு அடக்கமா இருக்கும், விலையும் கம்மி. ஆனா உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்.

– கொடுக்க மாட்டேன்னா அப்புறம் எதுக்கு நாகராஜ் எடுத்து வச்சே?

– நீங்க கம்மி விலையில கேட்டீங்க, காட்டினேன். தேக்கோம்மா, இதுல ராம் ரெண்டு ஜிபிதான். நாலு பக்கம் புரட்டுறதுக்குள்ள சூடாயிடும், திரை அப்படியே நின்னுடும். ஆறு மாசத்துல கப்பல்ல ஏத்தி எனக்கே திருப்பி அனுப்புவீங்க.

– மட்டமான சாமானை எங்க வீட்டுப் பெண் கையில கொடுக்காதே தம்பி. அந்தக் கண்ணாடி அலமாரியில பெரிசா ஒண்ணு வச்சிருக்கியே, அதை எடு. பணம் நான் தர்றேன்.

– அண்ணே, அது அங்கேயே கிடக்கட்டும். வாங்குறது நான். பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக் கொடுத்துச் சேர்த்த டியூஷன் காசு. பன்னிரண்டாயிரத்துக்கு மேல ஒரு ரூபா போகக் கூடாது.

– அந்தப் பெரிசு படம் வரையறவங்க வாங்குறது சார். அம்மாவுக்கு அது தேவையே இல்லை.

– தேவை வேற, தகுதி வேற. நம்ம அப்பா ஹார்பர் ஸ்டோர் கீப்பர். அவர் மகள் கையில எது இருக்குன்னு நாலு பேர் பார்ப்பாங்க.

– ஹட் பேல என் கையை யார் அண்ணே பார்க்கிறா? கோழிக்குத் தீனி போடுற கைதானே. நாகராஜ், அந்தக் கறுப்பு வெள்ளையில இருக்கே, அது என்ன?

– அது புத்தகம் மட்டும் படிக்கிறதும்மா. உங்களை மாதிரி கண் ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு நல்லது, கண் கூசாது, காகிதம் மாதிரியே இருக்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரக்கணக்குல நிக்கும். ஆனா இதுல வீடியோ ஓடாது.

– அப்போ வேண்டாம். வீடியோ ஓடணும்.

– உனக்கு எதுக்கு விஜயா வீடியோ?

– என் மக காவேரி சென்னையிலேர்ந்து கூப்பிட்டா பேத்தி முகம் தெரிய வேண்டாமா? போன்ல கடுகு மாதிரி தெரியறா.

– அச்சா, படிக்கவும் வேணும், நெட்டும் வேணும்னா பத்து இஞ்சுதாம்மா சரி. நாலு ஜிபி ராம். வைஃபை மட்டும் போதுமா, இல்லை சிம் போடுற மாடலா?

– எங்க வீட்டுல வைஃபைக்கு நான் எங்கே போறது? சிம் போடுறதே கொடு. மழை பிடிச்சா சிக்னலும் படுத்துக்கும், கரண்டும் படுத்துக்கும்.

– அதுக்குத்தான் சொல்றேன், சிக்னல் இருக்கிறப்பவே வேணுங்கிறதை இறக்கி உள்ளே வச்சுக்கோங்க. நெட் இல்லாட்டியும் படிக்கலாம். சார்ஜ் முழுசா இருந்தா எட்டு மணி நேரம் வரும். இந்தாங்க, கையில பிடிச்சுப் பாருங்க. எழுத்தை ரெண்டு விரலால இப்படி இழுத்துப் பெரிசாக்கணும்.

– கனமில்லாமத்தான் இருக்கு. அண்ணே, இங்கே பாரேன், இன்னைக்குப் பேப்பர்.

– இன்னைக்குப் பேப்பரா? இன்னைக்குள்ளதை இன்னைக்கேவா படிக்கிறது?

– அப்பா இருந்தா இதைத் தொட்டிருக்கவே மாட்டார் அண்ணே.

– ஏன் சார், பெரியவருக்குப் பேப்பர் பிடிக்காதா?

– என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டே? இந்தப் போர்ட் பிளேயர்ல எங்க அப்பா அளவுக்குப் பேப்பர் படிச்ச மனுஷன் கிடையாது. அப்போ மெட்ராஸ் பேப்பர் கப்பல்லதான் வரும். பத்து நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் பதினைஞ்சு நாள் ஆகும். மொத்தமா சணல் போட்டுக் கட்டி வரும். ஹாட்டோ ஜெட்டியில கப்பல் ஊதினா அப்பா சட்டையை மாட்டிடுவார்.

– கட்டு வந்ததும் டிரங்குப் பெட்டி மேல அடுக்குவார் நாகராஜ். மேல பழசு, அடியில புதுசு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். காலையில ஏழு மணிக்கு அடுக்குல மேல இருக்கிறதை எடுப்பார். அடுத்ததை யாரும் தொடக் கூடாது.

– மொத்தமும் கையில இருக்கிறப்போ, ஒவ்வொண்ணாவா?

– அதுதான் ஒழுங்கு. நாள் என்பது வரிசையா வரணும். கப்பல் தாமதமாச்சுன்னா அது கப்பலோட குற்றம், அதுக்காக நாம நாளைத் தாண்டிக் குதிக்கிறதான்னு கேட்பார்.

– தொடர்கதையில கொலை பண்ணினவன் யாருன்னு அந்த அடுக்குக்குள்ளேயே இருக்கும். நாங்க பக்கத்துல தட்டு வச்சுச் சாப்பிடுவோம். எடுத்துப் பார்க்க மாட்டோம். பொங்கல் விளம்பரமெல்லாம் எங்களுக்குத் தை மாசம் பாதியிலதான் வரும். அம்மா அதைப் பார்த்து, நம்ம வீட்டுக்கு ரெண்டு பொங்கல்னு சிரிப்பாங்க.

– பக்கத்து வீட்டுக் கண்ணையா மாமா ரேடியோ வச்சிருந்தார். ஒரு நாள், கிரிக்கெட்டுல யார் ஜெயிச்சாங்கன்னு வேலி ஓரத்துல நின்னு கத்திட்டார். அப்பா ஒரு மாசம் அவரோட பேசலை. சமாதானத்துக்கு அவர் ஒரு பெரிய சூரை மீனை எடுத்துக்கிட்டு வந்தார்.

– மீனை வாங்கிக்கிட்டார். பேசலை.

– அன்னைக்குக் குழம்பு எப்படி இருந்துச்சு தெரியுமா விஜயா? அந்த வாசனை வேற எங்கேயும் வரலை.

– பேப்பருக்கும் ஒரு வாசனை உண்டு அண்ணே. டீசலும் உப்பும் கலந்து. இதை எவ்வளவு மோந்தாலும் பிளாஸ்டிக்தான் அடிக்குது.

– டீக் ஹை அம்மா, வாசனைக்கு நான் என்ன பண்ண முடியும்? பதினொண்ணு எண்ணூறு, உறையும் சேர்த்துத் தர்றேன். ஃபார்மையும் இதுலேயே போட்டுடலாமா? நாளைக்குக் கடைசி நாள்னு போன்ல சொன்னீங்களே.

– என்ன ஃபார்ம்?

– நாகராஜ், உன்கிட்ட வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்னேனா இல்லையா?

– விஜயா, என்ன ஃபார்ம்னு கேட்டேன்.

– பி.ஏ. தமிழ் அண்ணே. வீட்டுலேர்ந்தே படிக்கிறது. பாடமெல்லாம் வீடியோவுல வரும், புத்தகமும் இதுலேயே வரும். நாளைக்குள்ள போடணும். ரெண்டு மணிக்கு எனக்குக் கப்பல். இப்போ வாங்கலைன்னா இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் கண்ணு எப்படி இருக்குமோ.

– அறுபத்தேழு வயசுல.

– ஆமா, அறுபத்தேழு வயசுலதான்.

– வேண்டாம். பேத்தி முகம் பாரு, பேப்பர் படி, எத்தனை விலையானாலும் நான் வாங்கித் தர்றேன். பரீட்சை மட்டும் வேண்டாம்.

– ஏன்?

– ஊர் என்ன பேசும்னு தெரியும். அப்பன் படிக்க விடலை, அவன் போனப்புறம் பாவம் கிழவி படிக்கிறான்னு பேசும். அப்பா பேர்ல ஒரு சொல் விழுறதை நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.

– சொல் விழுந்து நாப்பத்தொன்பது வருஷம் ஆச்சு அண்ணே. உன் காதுக்குத்தான் வரலை.

– யார் சொன்னா?

– விடுங்க சார். சும்மா ஊர்ப் பேச்சு.

– நாகராஜ், உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. மழுப்பாதே.

– எங்க மாமியார் அலமு ஹட் பேதானே சார். அவங்க சொல்லுவாங்க. விஜயாம்மா டீச்சரா ஆகியிருக்க வேண்டியவங்க, மெட்ராஸ்ல டீச்சர் ட்ரெயினிங் பரீட்சையில பாஸாகிட்டாங்க. பேப்பர்ல நம்பர் வந்துச்சு. பொண்ணைக் கடல் தாண்டி அனுப்ப மனசில்லாம அப்பன் அந்தப் பக்கத்தையே எடுத்து ஒளிச்சுட்டான்னு.

– அப்பன்னுதான் சொன்னாளா?

– அவங்க பேச்சு அப்படி சார். மரியாதைக் குறைவா நினைச்சுச் சொல்றதில்லை.

– அலமு தானா கதை கட்டி விடலை அண்ணே. நான்தான் அவகிட்டச் சொன்னேன்.

– நீயா சொன்னே? சொந்த அப்பாவைப் பத்தி?

– வேற எப்படிச் சொல்லச் சொல்றே? நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே கப்பல்ல போய் அந்தப் பரீட்சை எழுதினோம். எனக்கு மூணு நாளும் வாந்தி. நீ எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கையில கொடுத்தே. திரும்பி வந்து தினமும் ஏழு மணிக்கு அப்பா பக்கத்துல போய் உட்கார்ந்தோம். ஞாபகம் இருக்கா?

– இருக்கு.

– ரிசல்ட் வர வேண்டிய நாள் பேப்பரை எடுத்தார். நடுப் பக்கம் இல்லை. பக்கம் வரலைம்மான்னு சொன்னார். சரின்னு இருந்தேன். அடுத்த கப்பல்ல தபால் வந்துச்சு. பேப்பர்ல நம்பர் வந்தவங்க பதினைஞ்சு நாளைக்குள்ள நேர்ல வந்து சேரணும், நீங்க வரலை, இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்னு. அந்தக் கட்டை நம்ம அப்பாவைத் தவிர யாராவது தொடுவோமா? ஜெட்டியில வாங்குறது அவர், அடுக்குறது அவர், எடுக்குறது அவர்.

– ரெண்டு மாசத்துல உனக்குக் கல்யாணம் ஆச்சு.

– ஹட் பேக்குப் போனேன். கட்டினவரைக் குறை சொல்லலை, நல்ல மனுஷன். ஆனா அப்பாகிட்ட அதுக்கப்புறம் நான் சரியா முகம் கொடுத்துப் பேசினதே இல்லை. அவர் படுத்த படுக்கையா இருந்தப்போ வந்தேன், உனக்கே தெரியும். நீ மருந்து வாங்க வெளியே போயிருந்தே. என் கையைப் பிடிச்சு, பக்கம் வரலைம்மா, நிஜமா வரலைம்மான்னார். சாகப் போறப்பவும் பொய்யான்னு நான் கையை உருவிக்கிட்டேன்.

– இதை நீ என்கிட்டச் சொன்னதே இல்லையே.

– சொன்னா நீ அப்பாவுக்காகச் சண்டைக்கு வருவே. இப்பவும் வர்றேதானே. எனக்குச் சண்டை வேண்டாம். இந்த ஒரு பி.ஏ. மட்டும் போதும். படிச்சு முடிச்சா அந்தக் கோபம் என்னை விட்டுப் போகும்னு ஒரு நம்பிக்கை. அவரை நினைச்சு ஒரு விளக்காவது ஏத்துவேன்.

– சார், உட்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?

– வேண்டாம். நின்னுக்கிட்டே இருக்கேன். விஜயா, அப்பா பொய் சொல்லத் தெரியாத ஆளு.

– அதைத்தான் அம்பது வருஷமா சொல்றே. உனக்கு எப்படித் தெரியும்? அப்பா எடுக்கலைன்னு நீ பார்த்தியா? நீ அவர் பிள்ளை, அப்படித்தான் சொல்லுவே. நான் கப்பலுக்குப் போகணும். நாகராஜ், பில்லைப் போடறியா, இல்லை இவர் சொல்றார்னு வச்சுக்கப் போறியா?

– சார் சொன்னா போடறேன்மா. பெரியவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எப்படி...

– போடு தம்பி. பத்து இஞ்சு, சிம் போடுறது. அவ பேர்ல, அவ காசுல. ஃபார்மையும் இங்கேயே இப்பவே போட்டுக் கொடு. கப்பல் வரைக்கும் நானே கொண்டு போய் விடறேன்.

– என்ன அண்ணே, திடீர்னு?

– நீ பேசாம இரு. நாகராஜ், நீ இரு, உள்ளே போகாதே. இந்தப் பேச்சு உன் மாமியார் வாயில இருக்கு, அதனால நீதான் போய்ச் சொல்லணும். நான் சொல்றதைக் கூட்டாம குறைக்காம சொல்லு.

– சொல்லுங்க சார்.

– ஊர் சொல்றது தப்பு. எங்க அப்பா அந்தப் பக்கத்தை எடுக்கலை, பார்க்கக்கூட இல்லை. அன்னைக்கு அவருக்கு நைட் டியூட்டி. விடியற்காலையில ஜெட்டியில கட்டை வாங்கிப் பிரிச்சது இந்தச் சிவஞானம். அந்தப் பக்கத்துல தங்கச்சி நம்பர் இருந்துச்சு, அவன் நம்பர் இல்லை.