ஏழாவது உத்திரம்

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை, அசதியாக இருக்கிறது.

அது பழைய பருத்தி நூல் கிடங்கு. நாலு சுவரும் பன்னிரண்டு மர உத்திரமும்தான் மிச்சம். இடித்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை எழுப்ப யாராலும் முடியும். நான், இருந்ததை வைத்தே ஒரு கம்பெனிக்கு அலுவலகமாக்கிக் கொடுத்தேன். உதிர்ந்த செங்கல்லைச் சுரண்டிக் கழுவித் திரும்ப வைத்தோம். கதவுப் பலகைகள் மேசைகளாயின. பழையதில் நூற்றுக்குத் தொண்ணூறு நின்றால் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் தருவார்கள். எங்களுக்குச் சரியாகத் தொண்ணூறு வந்தது. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மர வேலை முழுக்க என் மச்சினன் பொறுப்பு. ஏழாவது உத்திரம் சுவருக்குள் போகிற முனையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"மாமா, உள்ள ஒண்ணுமே இல்ல. கரையான் தின்னு தீத்துடுச்சு. மாத்திடலாம்."

மாற்றினால் எண்பத்தொன்பது. "பட்டி பார்த்துப் பாலிஷ் போடு" என்றேன். இன்னொரு தடவை ஏறித் தட்டிப் பார்த்தான். பிறகு போட்டான். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஏசி குழாயையும் அதிலேயே தொங்கவிட்டோம். வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள்.

முந்தாநாள் காலை பத்தரைக்கு விழுந்தது. நாலு பேர் அங்கேயே போய்விட்டார்கள். வருத்தம்தான், ஐயா, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விழும் என்று நான் என்ன கனவா கண்டேன்? மச்சினன் எறும்பு ஊர்ந்தாலே ஏணியை விட்டு இறங்குகிற ஆள். அவன் பேச்சை நான் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

என் மகளுக்கும் அங்கேதான் வேலை. அந்த உத்திரத்தடியில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் நாளே போய், மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவள் மேசையைச் சன்னலோரம் நானே இழுத்துப் போட்டேன். காலியான இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். அவள் இன்னும் கண் திறக்கவில்லையாம்.

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மட்டும் ஏம்ப்பா மாத்துனீங்க?"

வெளிச்சத்துக்குத்தான் என்றேன். உங்களிடமும் அதைத்தான் சொல்வேன், ஐயா. சன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருக்கும்.