கிழிக்காத கடிதம்

எடை தூக்கி முடித்ததும் தட்டுகளை எடுத்த இடத்தில் திருப்பி வைக்காத ஆளை நான் நம்புவதில்லை. பத்தொன்பது வருடமாக ஜிம் நடத்துகிறவன் சொல்கிறேன். ஒருவனுடைய யோக்கியதை அவன் தூக்குகிற பாரத்தில் தெரியாது, இறக்கி வைக்கிற விதத்தில்தான் தெரியும். ஜெனுஷன் ஒரு நாளும் தட்டைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போனதில்லை. அவனைப் பற்றி நான் இனி எழுதப்போகிறதையெல்லாம் படிக்கும்போது அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுதுகிற உத்தியோகத்தர் லீவில் இருக்கிறார், நீங்களே உங்கள் கையால் எழுதித் தாருங்கள் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கும் அதுதான் வசதி. பேசினால் இடையில் யாராவது குறுக்கே கேட்பார்கள், கணக்குத் தப்பிவிடும்.

என் பெயர் ஞானரட்ணம். வயது ஐம்பத்து நான்கு. மஸ்கெலியா டவுனில் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஞானம் ஜிம் என்னுடையது. தொடங்கும்போது தட்டு வாங்க வக்கில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட இரும்புச் சக்கரச் சில்லுகளை வாங்கி, தராசில் நிறுத்து, ஒவ்வொன்றிலும் கிலோவைப் பெயின்டால் எழுதினேன். இன்றைக்கும் அதில்தான் பையன்கள் தூக்குகிறார்கள். தகரக் கூரை. மழை பிடித்தால் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. அதனால் எங்கள் ஜிம்மில் பேச்சு குறைவு, நாடிதான் அதிகம். ஒவ்வொரு செட் முடிந்ததும் பையனுடைய மணிக்கட்டைப் பிடித்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுவேன். வாய் பொய் சொல்லும். நாடி சொல்லாது.

ஜெனுஷன் பதினெட்டு வயதில் வந்தான். தோட்டத்து மேல் டிவிசனில் லயத்துப் பையன், வரிசை வீட்டில் வளர்ந்தவன். அம்மா பெற்றீசியா அக்கா தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர், அப்பா இல்லை. இவன் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிற வேலை. தோளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன்தான் என்று.

எதற்கு இவன் என்பதை விளக்க வேண்டும். நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது. எங்கள் மூன்று தோட்டங்களும் சேர்ந்து ஒவ்வொரு சித்திரைக்கும் மூட்டை ஓட்டம் வைக்கும். ஐம்பது கிலோ மணல் நிரப்பிய உரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்திலிருந்து மலை உச்சி மைதானம் வரை ஒன்றரைக் கிலோமீற்றர் ஏற வேண்டும். ஜெயித்தவனுக்குச் செவ்வந்தி மாலை போடுவார்கள். அவன் அதைக் கழுத்தில் வைத்திருக்க மாட்டான். கழற்றி, தன்னைப் பழக்கிய மாஸ்டருக்குப் போடுவான். மாஸ்டர் பெயரையும் மைக்கில் வாசிப்பார்கள். அதுதான் வழக்கம். என் பையன்களோடு பதினொரு வருடம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அந்த உச்சியில் போய் நின்று, வெறுங்கழுத்தோடு திரும்பி வந்திருக்கிறேன்.

ஜெனுஷனை ஆறு வருடம் பழக்கினேன். பெஞ்சில் படுத்து எண்பது கிலோவை அவன் நெஞ்சுக்கு மேல் பிடிக்கும்போது தலைமாட்டில் நின்றவன் நான். கை நழுவினால் கழுத்தில் விழும். நான் நிற்கிறேன் என்றால் அவன் கண்ணை மூடிக்கொண்டு தூக்குவான். எனக்குக் குடும்பம் கிடையாது. வீட்டில் முட்டை அவித்தால் அவனுக்கும் சேர்த்துத்தான் அவிப்பேன். அவனைத் தவிர எனக்கு யாரிருந்தார்கள் என்று கேட்டால், யாருமில்லை.

ஒரு விசயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. ஓடக்கூடாது. ஓட்டம் சதையைத் தின்னும் என்பது என்னைப் பழக்கியவர் எனக்குச் சொன்னது. நானும் அதையே சொன்னேன். போன வருடம் ஜெனுஷன் கடைசி வளைவு வரை முன்னால் வந்தான். அங்கே மூச்சு முட்டி நின்றுவிட்டான். இரண்டாமிடம். கீழே இறங்கி வரும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோற்ற வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புது ஜிம் ஒன்று திறந்தார்கள். கஜதீபன் என்று யாழ்ப்பாணத்து ஆள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஓடுகிற மெஷின் இரண்டு, கண்ணாடிச் சுவர், பாட்டு. எடையும் தூக்க வேண்டும், கார்டியோவும் செய்ய வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் உடம்பு என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார். என் பையன்கள் ஏழெட்டுப் பேர் அங்கே போனார்கள். ஜெனுஷன் போகவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை. ஸ்குவாட் முடித்து வந்தவனுடைய கையைப் பிடித்து எண்ணினேன். நூற்று ஐம்பது. சரி. ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணினேன். எப்போதும் நூற்று முப்பதுக்குக் கீழே இறங்காதவனுக்கு நூற்றெட்டு. எடை மட்டும் தூக்குகிறவனுக்கு நாடி அப்படிச் சட்டென்று அடங்காது. ஓடுகிறவனுக்குத்தான் அடங்கும். இன்னொன்றையும் கவனித்தேன். இடையிடையே ஒரு துடிப்புத் தப்பியது. அதை அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை. நூற்றெட்டுத்தான் என் மண்டைக்குள் நின்றது.

"ஓடுறியாடா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மாஸ்டர்" என்றான். தட்டுகளை ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் விடிய நீர்த்தேக்கத்து ரோட்டுக்குப் போய்த் தேயிலைச் செடிகளுக்குள் நின்றேன். பனியில் முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு அவன் வந்தான். பின்னால் சைக்கிளில் கஜதீபன்.

"மூச்சை அடக்காதையும், விடும். இன்னும் இருநூறு மீற்றர்தான் கிடக்கு" என்றார் அவர். நான் நின்ற இடத்துக்கு நேரே வந்து நின்று இரண்டு பேரும் தண்ணீர் குடித்தார்கள். "உம்மட மாஸ்டர் ஏன் இவ்வளவு நாளும் ஓட விடேல்ல?" என்று கேட்டார்.

"அவருக்கு இதெல்லாம் தெரியாதுங்க சேர்" என்றான் ஜெனுஷன்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. கடா பாய்ந்தால் திருப்பியாவது தள்ளலாம். இது நான் தலைமாட்டில் நிற்கும்போது அவன் கண்ணைத் திறந்துகொண்டு சிரித்த மாதிரி இருந்தது. அன்று ஜிம்மைத் திறக்காமல் வீட்டிலேயே இருந்தேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவனும் வழமைபோல் மாலையில் வந்தான், பொய்யோடு வந்தான், தட்டை அடுக்கிவிட்டுப் போனான். அப்படியே தை மாதம் வரை போயிற்று.

தை மாதம் கோவிலில் இரத்ததான முகாம் வைத்தார்கள். கொடுக்கப் போன ஜெனுஷனை டொக்டர் சோதித்துவிட்டு, நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஈசிஜி எடுத்து, ஸ்கேன் எடுக்கிற திகதியைக் கடிதத்தில் அனுப்புகிறோம் என்றார்களாம். இங்கேதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தக் கடிதம் எப்படி என்னிடம் வந்தது? லயத்துக் காம்பராவுக்கு வீட்டு இலக்கம் கிடையாது, ஐயா. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே கிடந்து, கிடைத்தால் கிடைக்கும். போனுக்கு மேல் டிவிசனில் சிக்னல் எடுக்காது. அதனால் முக்கியமான கடிதமென்றால் டவுனில் தெரிந்தவர் முகவரியைக் கொடுப்பது எங்கள் ஆட்களின் பழக்கம்.

"மாஸ்டர், ஒங்க அட்ரஸ குடுத்துட்டேங்க. கோவிச்சுக்காதீங்க" என்றான்.

"இதுல என்னடா கோவம்" என்றேன்.

மாசி பத்தாம் திகதி கடிதம் வந்தது. உறையில் அவன் பெயர். நான் பிரித்தேன். தமிழிலும் இருந்தது. வைகாசியில் ஸ்கேன். அதுவரை பாரம் தூக்குதல், ஓடுதல், மலையேறுதல் எல்லாவற்றையும் முற்றாக நிறுத்தவும், மயக்கம் வந்தால் உடனே வரவும். இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்து, ஜிம் சுவரில் மாட்டியிருக்கிற கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் கிழித்திருப்பேன். நான் கிழிக்கவில்லை.

அதே கிழமைக்குள் ஒரு நாள் ஜெனுஷன் ஜிம்மில் எல்லாரும் போகும்வரை இருந்தான். வியர்வை துடைத்த கைத்துவாயை முறுக்கிக்கொண்டே சொன்னான்.

"மாஸ்டர், ஒங்ககிட்ட ஒன்ன மறச்சிட்டேங்க. நான் காலையில கஜதீபன் சேரோட ஓடுறேன். ஜெயிக்கணும்னு ஆச. ஒங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. இப்ப நீங்களே எனக்கு ரெண்டையும் சேத்து ஒரு செடியூல் போட்டுக் குடுங்க. நீங்க சொல்றத மட்டும் செய்றேன்."

"சரி" என்றேன். "ஓடணும்னு ஆசப்பட்டா ஓடித்தான் ஆகணும்."

செடியூலை நான் சும்மா எழுதவில்லை. போனில் தேடிப் படித்தேன். கஜதீபன் சொன்னது சரிதான் என்று தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு வேதனை. திங்களும் வியாழனும் கால் பயிற்சி. செவ்வாயும் சனியும் மலை ஓட்டம். புதனன்று இரண்டும். முதலில் எடை, பிறகு ஓட்டம். மாற்றிச் செய்தால் களைத்த காலோடு பாரம் தூக்க வேண்டிவரும், அடிபடும். அடிபடக்கூடாது என்று கவனமாக இருந்தேன். பங்குனியில் புதன்கிழமை ஓட்டத்துக்குச் சாக்கையும் சேர்த்தேன். முதலில் முப்பது கிலோ, பிறகு ஐம்பது. அந்தத் தாளைக் கஜதீபன் பார்த்துவிட்டு, "மாஸ்டர் நல்லாத்தான் போட்டிருக்கிறார்" என்று சொன்னாராம். அவரை விசாரித்தால் அவரும் இதைச் சொல்வார்.

கடிதத்தைப் பற்றி ஜெனுஷன் மூன்று தடவை கேட்டான். முதல் தடவை, வரவில்லை என்றேன். இரண்டாம் தடவையும் அதுதான். மூன்றாம் தடவை, போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, படியேறி வந்தவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லேசா கிறுகிறுங்குதுங்க. ஆஸ்பத்திரிக்கே போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வரவா?"

"ஒன்னுமில்லேன்னா எதுக்குடா கடிதம் போடப்போறாங்க? போடாததே நல்லதுதான்" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. "அதானே" என்று சொல்லி பெஞ்சில் போய்ப் படுத்தான். நான் தலைமாட்டில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினான்.

போட்டியன்று காலையில் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கொடுப்பதற்குத்தான் கொண்டுபோனேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். ஏன் கொண்டுபோனேன் என்பது எனக்கே தெரியாது. ஆற்றுப் பாலத்தில் ஓடுகிறவர்களின் பெயரை மைக்கில் வாசித்தார்கள். பெயர், தோட்டம், பழக்கியவர். கஜதீபன் பெயரைக் கேட்க நான் தயாராகத்தான் நின்றேன்.

"ஜெனுஷன், மேல் டிவிசன். பழக்கியவர் ஞானரட்ணம் மாஸ்டர்."

பெயர் கொடுக்கிற படிவத்தை மார்கழியிலேயே அவன் கையால் நிரப்பிக் கொடுத்தானாம். அப்போது எனக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறான். இதைப் பக்கத்தில் நின்ற, படிவங்களை வாங்கிவைத்த தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எனக்குச் சொன்னார்.

விசில் ஊத ஐந்து நிமிடம் இருந்தது. அவன் என்னிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் சாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கினேன், ஐயா. அதையும் எழுதத்தான் வேண்டும். நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவனும் கையைத் தூக்கிச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து, என் பெயரை உச்சியில் இன்னொரு தடவை வாசிப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. ஒரு தடவை கேட்டது எனக்குப் போதவில்லை. கையை இறக்கிக்கொண்டு, ஆட்களை ஏற்றிப்போன வேனில் ஏறி உச்சிக்குப் போனேன்.

அவன் முதலாவதாக வந்தான். கடைசி வளைவில் நிற்கவே இல்லை. இரண்டாவது ஆளுக்கும் அவனுக்கும் நூறு மீற்றர் இடைவெளி. மாலை போட்டார்கள். என் பெயரை வாசித்தார்கள். மலைக்கு மலை எதிரொலித்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டான்.

"மாஸ்டர், ஜெயிச்சிட்டோங்க" என்றான். பிறகு, "ஒக்காந்துக்கவாங்க?" என்று கேட்டான்.

புல்லில் உட்கார வைத்தேன். பழக்கத்தில் கை தானாக மணிக்கட்டுக்குப் போய்விட்டது. எண்ணினேன். வேகமாக இருந்தது, பிறகு ஒன்று தப்பியது, பிறகு இரண்டு. நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். சுற்றி நின்றவர்கள் கத்துகிற வரைக்கும் விடவில்லை. பெற்றீசியா அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து ஓடிவந்தபோது எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாக ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள். கடிதம் என்னிடம் இருந்தது. அவன் கேட்டான், வரவில்லை என்றேன். ஓடினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே ஓடுவதற்குச் செடியூல் போட்டுக் கொடுத்தேன். கேட்கப்போனவனையும் தடுத்தேன். ஜெனுஷனைக் கொன்றது நான்தான். கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு மூலைகூடக் கிழியவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை விசயம் ஒன்றுதான் பாக்கி. அவனுடைய சவப்பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று பெற்றீசியா அக்கா ஜிம் வாசலில் வந்து நின்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. காய்ந்துவிட்டது, இருந்தாலும் நீங்களும் அதை எடுக்க வேண்டாம். டவுனில் என்னைத் துரோகி என்று பேசிக்கொள்கிறார்களாம். அந்த மாலையை அவன் தன் கையால் என் கழுத்தில் போட்டதை ஊரே பார்த்தது. துரோகம் செய்தவனுக்கு யாராவது மாலை போடுவார்களா, ஐயா?