பொறுங்கக்கா பிரித்து வைத்த சிக்கல்

துயரோடு மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, அக்காவின் கணவராகிய தையற்கார அண்ணன் அவர்களே, கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் மூத்த நிரலாளர், நாமெல்லோரும் ‘பொறுங்கக்கா’ என்றழைத்த அம்மையார், போய்விட்டார். பிறர் எழுதிய லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, நம் புராஜெக்டில் சேர்க்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்வதே அவர் பணி. யார் பறந்தாலும் “பொறுங்க” என்பார். கண்களை மூடிக்கொள்வார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் மெல்ல ஊரும். தூங்குகிறாரா? இல்லை!

“கனவுல நடக்கற மாதிரிப்பா. நிரலுக்குள்ள தெருத் தெருவா போவேன். எந்தக் கதவு திறக்கலையோ, அங்கதான் சிக்கல்” என்பார்.

ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளை நாம் செய்த காலம் அது. பக்கத்துக் குழு வரைபட லைப்ரரி ஒன்றைக் கொடுத்தது. பொறுத்தேனா நான்? அக்கா சாப்பிடப் போன நேரத்தில் நானே சேர்த்துவிட்டேன். சோதனை அறையில் திரை வெளுத்து நின்றது. லைப்ரரி எழுந்திருக்கட்டும் என்று நம் நிரல் காத்திருந்தது. நம் நிரல் எழுந்திருக்கட்டும் என்று லைப்ரரி காத்திருந்தது.

“யார் பார்த்த வேலை இது?” என்று தலைவர் இரைந்தார். நான் விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அக்கா சொன்னார்: “அதை அப்புறம் பாக்கலாம் சார். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எதிர்பார்த்து நிக்குது. முதல்ல பிரிச்சு விடறேன்.”

இரண்டுக்கும் பொதுவான நிரலைத் தனியே எடுத்து வைத்தார். இரண்டையும் அதைச் சார்ந்து நிற்க வைத்தார். மாலைக்குள், பனி விலகுவதுபோல், திரையில் தெருக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அன்றுமுதல் எத்தனை வண்டிகள் அந்தத் தெருக்களில் ஓடின! எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்!

பிறகு படிக்கட்டில் அக்காவைப் பிடித்தேன். “ஏன்க்கா என்னைக் காட்டிக் குடுக்கல?”

“நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்பா.”

ஒன்பது வருடம் ஓடிவிட்டது. சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், தலைவர் அவர்களே! அது நான்தான்.

அண்ணா, மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதுகூட அக்கா கேட்டது ஒன்றுதான்: “அந்தப் புது லைப்ரரி என்னாச்சு?” நாளை வெளியிட இருந்த நம் மென்பொருளில் சேர வேண்டியது அது. இன்று காலை நாங்கள் நால்வர் உட்கார்ந்து, ஓர் இணைப்பு விடாமல் பார்த்தோம். சேராது. வெளியீடு தள்ளித்தான் போகும். இனி இந்த வேலை எங்களுடையது.

சேர்க்கக் கூடாது என்ற அறிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது, தலைவர் அவர்களே. கையெழுத்து என்னுடையது.